மயக்கவியல் செவிலியர் படிப்பு: மலையிலிருந்து வந்த நான்கு கேள்விகள்

நீலகிரியிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் நான்கு, அமெரிக்காவில் உள்ள மயக்கவியல் செவிலியர் மேற்படிப்பைப் பற்றியவை. கேட்டவர்கள் வெவ்வேறு நிலையில் இருந்தாலும், ஒருவருக்கான பதில் மற்றவருக்கும் பயன்படும் என்பதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றைச் சேர்ந்தவள். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இருதய அறுவை ஐ.சி.யூ.வில் நான்கு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அமெரிக்காவில் செவிலியர்களே மயக்க மருந்து கொடுப்பதற்கான மேற்படிப்பு இருப்பதாக அறிந்தேன். "உங்கள் ஐ.சி.யூ. அனுபவம் போதும், நேராகவே சேர்த்துவிடுகிறோம்" என்று ஓர் ஆலோசனை நிறுவனம் முன்பணம் கேட்கிறது. அதற்காகத் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கவும் அப்பா தயாராக இருக்கிறார். பணம் கட்டலாமா?
(ஒரு வாசகி, கோத்தகிரி)

பதில்: கட்ட வேண்டாம். தோட்டத்துப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று அப்பாவிடமும் சொல்லுங்கள். நீங்கள் விரும்பும் படிப்பு நல்ல படிப்பு. ஆனால் அந்த நிறுவனம் உங்களிடம் சொல்லாமல் விட்ட விதி ஒன்று இருக்கிறது. இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்கக் கவுன்சில், சேருகிறவர் பதிவுபெற்ற செவிலியராகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேரம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்கிறது. அந்த அனுபவம் அமெரிக்காவிலோ, அதன் ஆட்சிப் பகுதிகளிலோ, வெளிநாட்டில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனையிலோ பெற்றதாக இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது. கோவையில் நீங்கள் பார்த்த வேலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்த ஓராண்டுக் கணக்கில் வராது. ஆகவே "நேராகச் சேர்த்துவிடுகிறோம்" என்பவர் ஒன்று விதி தெரியாதவர், இல்லையேல் தெரிந்தே உங்கள் பணத்தைக் கேட்பவர்.

படிப்பு என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சி.ஆர்.என்.ஏ. என்று அழைக்கப்படும் மயக்கவியல் செவிலியர், அறுவைக்கு முன் நோயாளியைப் பரிசோதிப்பது, மயக்கம் கொடுப்பது, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது, அறுவை முடிந்ததும் நோயாளியை எழுப்புவது வரை எல்லாவற்றையும் செய்கிறவர். இது அங்கே புதிய பணியன்று. மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர் ஆலிஸ் மகாவ், தாம் மயக்கம் கொடுத்த பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைப் பற்றி 1906-ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியிருக்கிறார். 2022-ஆம் ஆண்டிலிருந்து புதிதாகச் சேருகிறவர்கள் அனைவரும் முனைவர் நிலைப் பட்டமே பெற வேண்டும். டி.என்.பி., டி.என்.ஏ.பி. என்ற இரண்டு பெயர்களை அடிக்கடி காண்பீர்கள். இரண்டிலும் குறைந்தது முப்பத்தாறு மாதப் படிப்பு, இரண்டுமே ஒரே தேசியத் தேர்வுக்கு இட்டுச் செல்பவை. எனவே பட்டத்தின் பெயரை வைத்துக் குழம்ப வேண்டாம்.

இங்கிருந்து போகும் வழி இப்படி அமையும். உங்கள் பட்டத்தையும் பதிவையும் மதிப்பீட்டுக்கு அனுப்பி, அமெரிக்கச் செவிலியர் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வை எழுதித் தேற வேண்டும். சென்னையிலேயே தேர்வு மையம் உண்டு. ஆங்கிலத் தேர்வும், விசாவுக்கான செவிலியர் சான்றிதழும் அடுத்து வரும். பிறகு ஓர் அமெரிக்க மருத்துவமனை உங்களை வேலைக்கு எடுத்து, குடியேற்ற விசாவுக்கு மனுச் செய்ய வேண்டும். இங்கேதான் பெரிய தடை நிற்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான அந்த விசா வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. கணவரோ மனைவியோ அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராக இருந்தால், அல்லது இந்தியாவுக்கு வெளியே பிறந்தவராக இருந்தால் நிலைமை வேறு. மற்றவர்கள் இந்தக் காத்திருப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். மாணவர் விசாவில் போகலாமே என்று கேட்பீர்கள். வெளிநாட்டு மாணவரை ஏற்கும் கல்லூரிகள் ஒரு சில இருந்தாலும் அமெரிக்க ஐ.சி.யூ. ஓராண்டு என்ற விதி அங்கேயும் விலகுவதில்லை.

ஆகையால் என் ஆலோசனை இது. என்க்ளெக்ஸை இப்போதே எழுதுங்கள். அந்தச் செலவு உங்கள் சம்பளத்துக்குள் அடங்கும், அதற்குத் தோட்டம் தேவையில்லை. கோவை வேலையை விடாதீர்கள். அது கல்லூரியின் கணக்கில் வராவிட்டாலும், அமெரிக்காவில் உங்களை ஐ.சி.யூ.வில் எடுப்பதா, பொது வார்டில் போடுவதா என்பதை முடிவு செய்வது அதுதான். வேலை ஒப்பந்தம் கைக்கு வரும்போது எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். பொது வார்டில் இரண்டு மூன்று ஆண்டு கட்டுப்பட்டுவிட்டால் அந்தக் காலம் முழுவதும் இந்தப் படிப்பைப் பொறுத்தவரை வீண்.

ஆவணங்களைப் பற்றி ஒன்று; நம் பெண்கள் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும். செவிலியர் கவுன்சில் பதிவில் அந்த இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுமையாகக் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். திருமணம் ஆகியிருந்தால் நான்காவதாக ஒரு வடிவமும் சேர்ந்துவிடும். தேர்வு மையத்தில் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் பதிவுசெய்த பெயரும் ஒத்திருக்க வேண்டும். கட்டணம் எதுவும் கட்டுவதற்கு முன்பே எல்லா ஆவணங்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பிவைத்து, பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்துக்கு மற்றவற்றைக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: கூடலூரில் பிறந்தவள் நான். கணவர் வழியாகக் கிரீன் கார்டு பெற்று டெக்சாஸில் ஐ.சி.யூ. செவிலியராக இரண்டாண்டுகளாக வேலை பார்க்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க எண்ணம். பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தையே நாட வேண்டுமா? பி.எஸ்ஸி.யில் நான் எடுத்தது 64 சதவீதம்தான்; அது தடையாகுமா?
(ஒரு வாசகி, கூடலூர்)

பதில்: நீங்கள் கடினமான பகுதியைத் தாண்டிவிட்டீர்கள், வாழ்த்துகள். இனித் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர் நீங்களும்தான் என்பதை மறக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் 130-க்கும் மேல் இருக்கின்றன. டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் என்ற ஒரே நகரத்தில் டெக்சாஸ் வெஸ்லியன், டி.சி.யூ. (டெக்சாஸ் கிறிஸ்டியன்) என்று இரண்டு பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு உண்டு.

பெயரைப் பார்த்துப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. யூ.எஸ். நியூஸ் இதழின் தரவரிசையைத்தான் பலரும் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த வரிசை, இத்துறைக் கல்லூரிகளைச் சேர்ந்தவர்களிடம் மற்றக் கல்லூரிகளைப் பற்றிய கருத்தைக் கேட்டுப் போடப்படுவது. ஒரு மாணவி மூன்றாண்டில் எத்தனை பேருக்குத் தன் கையால் முதுகுத்தண்டு ஊசி போட்டாள், எத்தனை குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்தாள் என்பதை அது அளப்பதில்லை. உங்கள் வாழ்க்கைக்கு வேண்டியது அந்த இரண்டாவது கணக்கு.

அதைத் தெரிந்துகொள்ள வழியிருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் மூன்று எண்களைத் தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டாக வேண்டும் என்பது அங்கீகாரக் கவுன்சிலின் விதி: தேசியத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர் எத்தனை சதவீதம், படிப்பைப் பாதியில் விட்டவர் எத்தனை சதவீதம், முடித்த ஆறு மாதத்துக்குள் வேலை பெற்றவர் எத்தனை சதவீதம். வேலை பெற்றோர் எண்ணிக்கை எல்லா இடத்திலும் ஏறக்குறைய நிறைவாகவே இருக்கும் என்பதால் அதை விட்டுவிடலாம். மற்ற இரண்டையும் சேர்த்தே படியுங்கள். தேர்ச்சி நூறு சதவீதம் என்று பெருமையாகப் போட்டிருக்கும் கல்லூரியில் பாதியில் விட்டவர்கள் அதிகமாக இருந்தால், தேறமாட்டார் என்று தோன்றியவர்களை வழியிலேயே கழித்துவிடுகிறார்களோ என்று கேட்க வேண்டியிருக்கிறது. தேர்ச்சி சற்றுக் குறைந்தாலும் சேர்ந்தவர்களை ஏறக்குறைய எல்லாரையும் கரை சேர்க்கும் கல்லூரியையே நான் விரும்புவேன், ஏனென்றால் கடன் வாங்கிச் சேர்ந்த ஒருவர் இரண்டாம் ஆண்டில் வெளியேற நேர்ந்தால் பட்டமும் இல்லை, கடன் மட்டும் நிற்கும்.

இதைவிட முக்கியமானது பயிற்சி மருத்துவமனைகள். விதிப்படி ஒரு மாணவர் குறைந்தது 600 அறுவைகளுக்கு மயக்கம் கொடுத்திருக்க வேண்டும், 2,000 மணி நேரம் மருத்துவப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். குறைந்த அளவை எல்லாக் கல்லூரியும் எட்டிவிடும். எப்படி எட்டுகிறது என்பதில்தான் வேறுபாடு. பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில் மயக்கவியல் மருத்துவ மாணவர்களும் இருப்பார்கள். நரம்பைச் சுற்றி மருந்து செலுத்தும் பிளாக், கழுத்துச் சிரையில் போடும் சென்ட்ரல் லைன் போன்றவை முதலில் அவர்கள் கைக்குப் போய், செவிலியர் மாணவி பக்கத்தில் நின்று பார்க்கும் நிலை சில இடங்களில் உண்டு. அதே சமயம், மிகக் கடுமையான நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்பும் அங்கேதான் கிடைக்கும். சிறு நகரத்து மருத்துவமனையிலோ மயக்கவியல் மருத்துவரே இல்லாமல் செவிலியர் மட்டுமே இரவு பகலாகப் பொறுப்பேற்றிருப்பார். அங்கே போகும் மாணவிக்குத் தனியாக முடிவெடுக்கும் பயிற்சி கிடைக்கும். நல்ல கல்லூரி இரண்டு வகை இடங்களுக்கும் அனுப்பும். கூடலூரில் நள்ளிரவில் சிசேரியன் தேவைப்படும் ஒரு தாயை எங்கே கொண்டுபோவது என்று வீடே தவித்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சிறு மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கத் தெரிந்த ஒருவர் இருப்பதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

எனவே இப்போது படிக்கும் மூன்றாமாண்டு மாணவர் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்து தருமாறு கல்லூரியிடம் கேளுங்கள். அவரிடம் இந்த மாதம் எந்த ஊரில் பயிற்சி, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், தங்குமிடத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள், இதுவரை எத்தனை பிளாக்குகளைத் தாமே போட்டார் என்று கேளுங்கள். சில கல்லூரிகள் வேறு மாநிலங்களுக்கும் அனுப்புகின்றன. சிறு குழந்தை வைத்திருப்பவருக்கு இதுவே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும்.

பாடமுறையிலும் இரண்டு வகை உண்டு. ஓராண்டுக்கு மேல் வகுப்பறைப் பாடம் மட்டும் நடத்தி அதற்குப் பிறகு அறுவை அரங்குக்கு அனுப்புவது ஒன்று. தொடக்கத்திலிருந்தே இரண்டையும் கலந்து நடத்துவது மற்றொன்று. எது உயர்ந்தது என்ற விவாதத்தில் எனக்கு ஈடுபாடில்லை. படித்ததை உடனே செய்து பார்த்தால்தான் மனத்தில் நிற்கும் என்பவருக்குக் கலந்த முறை பொருந்தும்.

பணத்தைப் பற்றிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. கட்டணம் மட்டுமே பல இடங்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. வகுப்பும் பயிற்சியும் மட்டுமே சேர்ந்து வாரத்துக்கு 64 மணி நேரம் வரை போகலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. அப்படியிருக்க வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். முடித்தவர்களின் ஆண்டு வருமானம் பெரும்பாலும் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் என்பதால் கடனை அடைத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு கல்லூரிகள் பயிற்சியில் சமமாக இருந்தால் கட்டணம் குறைந்த அரசுப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளதால் அமெரிக்க அரசின் கல்விக் கடனுக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். அதன் வரம்புகள் அண்மையில் மாறியிருப்பதால் சேருமுன் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். 64 சதவீதம் என்பது நம் பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பு. பாடவாரியாக மதிப்பிடும் நிறுவனங்கள் நம் மதிப்பெண் முறையை அறிந்தே மாற்றிக் கொடுக்கின்றன. பல கல்லூரிகள் நான்குக்கு மூன்று என்ற மதிப்பெண் சராசரியை (ஜி.பி.ஏ.) கேட்கின்றன. ஆனால் உயிர்வேதியியல், உடலியங்கியல், மருந்தியல் ஆகிய பாடங்களைத் தனியே எடுத்துக் கூட்டிப் பார்ப்பார்கள். அவை உங்களுக்குக் குறைவாக இருந்தால், அல்லது படித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டமேற்படிப்பு நிலையில் நோயுடலியங்கியல் அல்லது மருந்தியல் பாடம் ஒன்றை எடுத்து நல்ல மதிப்பெண் பெறுங்கள். ஐ.சி.யூ. செவிலியருக்கான சி.சி.ஆர்.என். சான்றிதழ் இன்னும் எடுக்கவில்லை என்றால் விண்ணப்பத்துக்கு முன் எடுத்துவிடுங்கள். கட்டாயம் என்று சொல்லாத கல்லூரிகளும் அதை எதிர்பார்க்கின்றன.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போகாதீர்கள். நடுராத்திரியில் நோயாளியின் ரத்த அழுத்தம் சரிந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நேரில் பார்த்த ஷிஃப்ட் பொறுப்பாளர் எழுதும் நான்கு வரி, உங்கள் பெயரைக் கோப்பில் பார்த்து எழுதும் இயக்குநரின் இரண்டு பக்கத்தைவிட மேலானது.

கேள்வி: என் மகள் மஞ்சூரில் ப்ளஸ் டூ படிக்கிறாள். மயக்கவியல் செவிலியர் ஆக வேண்டும் என்கிறாள். இந்தியாவிலேயே இந்தப் படிப்பு உண்டா? பி.எஸ்ஸி. அனஸ்தீஷியா டெக்னாலஜி என்று ஒன்று இருக்கிறதே, அதில் சேர்க்கலாமா?
(ஒரு வாசகர், மஞ்சூர்)

பதில்: நம் நாட்டில் மயக்கம் கொடுக்கும் பொறுப்பு மருத்துவர்களுடையது. நீங்கள் சொல்லும் தொழில்நுட்பப் படிப்பு, அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவருக்குத் துணைநிற்பவர்களை உருவாக்குகிறது. நல்ல வேலைதான், ஆனால் அது செவிலியர் பட்டம் ஆகாது. பிற்காலத்தில் அமெரிக்கப் படிப்பை நாட நினைத்தால் அந்த வாசலே திறக்காது. மகளின் எண்ணம் உறுதியானால் பி.எஸ்ஸி. நர்சிங்கில் சேருங்கள். பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு ஐ.சி.யூ. அனுபவம் பெற்றால், இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள தீவிர சிகிச்சைச் செவிலியப் பயிற்சியாளர் முதுநிலைப் படிப்பு ஒன்று இங்கேயே இருக்கிறது, இரண்டாண்டுப் படிப்பு. மயக்க மருந்தின் நுட்பமே பிடித்திருக்கிறது என்றால், எம்.பி.பி.எஸ். படித்து மயக்கவியலில் எம்.டி. செய்யும் வழியையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ஐ.சி.யூ.வில் பணிபுரியும் என் தங்கைக்கு இரண்டு கல்லூரிகளிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது. இங்கே குன்னூரில் இருந்துகொண்டு நான் என்ன உதவி செய்ய முடியும்? அவளிடம் என்ன கேட்பார்கள்?
(ஒரு வாசகர், குன்னூர்)

பதில்: தினமும் அரை மணி நேரம் போனில் அவளைக் கேள்வி கேளுங்கள். மருத்துவம் தெரியாத அண்ணன் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவளுக்கு வேண்டிய பயிற்சி. நேர்காணல் குழுவும் அதையேதான் செய்யும்.

செப்டிக் ஷாக்கில் (கடும் தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் நிலை) இருந்த நோயாளிக்கு, அழுத்தத்தை ஏற்றும் நார்எபிநெஃப்ரின் ஓடிக்கொண்டிருந்தபோது வாசோபிரசினை ஏன் சேர்த்தீர்கள் என்று ஒருவர் கேட்பார். "டாக்டர் சொன்னார்" என்பது அங்கே பதிலாகாது. முதல் மருந்து ரத்தக் குழாயின் ஆல்ஃபா ஏற்பிகளில் வேலை செய்கிறது, உடலில் அமிலத்தன்மை கூடும்போது அதன் பலன் குறைகிறது, இரண்டாவது வேறு ஏற்பிகள் வழியே குழாயைச் சுருக்குகிறது என்று அடுக்காகச் சொல்லத் தெரிய வேண்டும். வென்டிலேட்டரின் ஒவ்வோர் எண்ணையும் மாற்றினால் ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) அறிக்கையில் எது நகரும் என்பதையும் இதே போல வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். தெரியாத இடம் வந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்ததிலிருந்து எப்படி யோசிப்பேன் என்று தொடர்வது நல்லது. ஊகத்தை உறுதிபோலச் சொல்லும் விண்ணப்பதாரரைக் கண்டு குழு அஞ்சும். அறுவை அரங்கில் அந்தக் குணம் உயிரை வாங்கும்.

நம் மலையே அவளுக்கு ஒரு நல்ல பாடம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான், ஏறக்குறைய 580 மில்லிமீட்டர் பாதரசம். அதனால்தான் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்பது மாறவில்லை. ஆனால் ஈரப்பதத்தைக் கழித்துக் கணக்கிட்டால், மூச்சுக்குழாயில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) கடலோரத்தில் 150 என்றால் ஊட்டியில் சுமார் 112. இதை ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஐ.சி.யூ. செவிலியர் ஒருவர் இந்தக் கணக்கைத் தயங்காமல் போட வேண்டும். மேலும் ஒரு படி போக விரும்பினால், மயக்க வாயுவைத் தரும் வேப்பரைசரைப் பற்றிப் படிக்கலாம். ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் வேப்பரைசர்களில் அதே எண்ணை வைத்தாலும் மலையில் வாயுவின் பகுதி அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை. டெஸ்ஃப்ளுரேனைச் சூடாக்கித் தரும் வேப்பரைசரோ சதவீதத்தை மட்டும் மாறாமல் காப்பது. ஆகவே கடலோரத்தில் ஆறு சதவீதம் வைக்கும் இடத்தில் ஊட்டியில் எட்டுக்கு அருகில் வைத்தால்தான் நோயாளிக்கு அதே ஆழத்தில் மயக்கம் கிடைக்கும். நேர்காணலில் இதைக் கேட்பார்கள் என்று சொல்ல வரவில்லை. தான் பிறந்த ஊரின் காற்றை வைத்துக்கொண்டு இவ்வளவு யோசித்த ஒருத்தி, "மயக்கவியலில் உங்களுக்கு ஏன் ஆர்வம்?" என்ற கேள்விக்குத் திணற மாட்டாள்.

அந்தக் கேள்வி கட்டாயம் வரும். சம்பளம், தன்னிச்சையான பணி என்ற பதிலை எல்லாரும் சொல்வார்கள். மயக்கவியல் செவிலியர் ஒருவரோடு முழு நாள் நின்று பார்த்துவிட்டு, அவர் செய்த ஒரு குறிப்பிட்ட செயலைச் சொல்லி, அதுபோல நானும் செய்ய விரும்புகிறேன் என்று சொல்லட்டும். அப்படி ஒரு நாளாவது நின்று பார்க்காமல் நேர்காணலுக்குப் போகவே கூடாது. பணியிடத்தில் சக ஊழியரோடு ஏற்பட்ட பிணக்கு, தான் செய்த பிழை ஆகியவற்றையும் கேட்பார்கள். பிழையை மழுப்பாமல், யாரிடம் உடனே சொன்னாள், நோயாளிக்கு என்ன ஆனது, அதன் பிறகு எதை மாற்றிக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும்.

கடைசியில் "எங்களிடம் ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்பார்கள். சென்ற ஆண்டு படிப்பை விட்டவர்கள் எந்தப் பருவத்தில், என்ன காரணத்தால் விட்டார்கள், அவர்களுக்குக் கல்லூரி என்ன உதவி செய்தது என்று தங்கை கேட்கட்டும். இரண்டு கல்லூரியிலும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு, வந்த பதில்களை அன்றிரவே எழுதி உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் இடம் கிடைத்தால், எதை எடுப்பது என்று முடிவு செய்ய அந்தத் தாள் உதவும்.